தங்கம் போன வழி: தங்கவயல் சொல்லும் கணக்கு

(வேங்கிக்காலில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கோலார் தங்கவயலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். வேங்கிக்காலுக்கும் தங்கச் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நமது திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989-ல். அதற்கு முன் நாம் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள். தங்கவயலில் பாறையை உடைத்துத் தங்கத்தை வெளியே கொண்டுவந்த கூலிகளில் மிகப் பெரும் பகுதியினர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து போன ஏழை ஜனங்கள். அவர்களிலும் பெரும்பான்மையினர் நிலம் இல்லாத ஆதிதிராவிட மக்கள். நம் பாட்டன்மாரும் முப்பாட்டன்மாரும் வேர்வை சிந்திய இடம் அது. ஆகவே அந்த ஊரின் சரித்திரம் நம் குடும்பக் கதையும்தான்.

பெயரைப் பாருங்கள், தங்க வயல்! வயல் என்றால் உழுது விதைத்து அறுக்கிற இடம் என்று நமக்குத் தெரியும். இந்த வயலில் விதைத்தவன் இல்லை, அறுத்தவன் உண்டு. அறுத்தவன் கையில் என்ன மிஞ்சியது, களத்திலிருந்து மூட்டை எங்கே போனது என்ற கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கண்டுபிடித்தவர் யார்?

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த படையினரில் ஜான் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஒருவர். மாரிக்குப்பம், ஊரிகம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கப் பொடி எடுக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டார். 1802-ல் அதை நேரில் பார்த்து எழுதி வைத்தார். அதாவது, தங்கம் இருக்கும் இடத்தை வெள்ளைக்காரனுக்குக் காட்டியவர்கள் கிராமத்து ஏழைகள். ஏட்டில் ஏறிய பெயர் மட்டும் வாரனுடையது.

எழுபது ஆண்டு கழித்து அந்த ஏட்டைப் புரட்டினார் லாவெல் என்ற ஐரிஷ்காரர். படையிலிருந்து ஓய்வு பெற்று பெங்களூரில் தங்கியிருந்தவர். 1870-களில் மைசூர் சமஸ்தானத்திடம் சுரங்க உரிமை வாங்கினார். தோண்டிப் பார்த்தார், கைப்பணம் போதவில்லை, உரிமையைக் கைமாற்றி விட்டார். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே நுழைந்தது. மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி பிறந்தது. தொடக்கத்தில் போட்ட பணம் கரைந்துகொண்டே வந்தது. மூட்டை கட்டலாம் என்ற நிலையில், 1880-களின் நடுவில் செழிப்பான தாது நரம்பு ஒன்று அகப்பட்டது. அதற்குத்தான் சாம்பியன் நரம்பு என்று பெயர். பிறகென்ன, லண்டன் பணச் சந்தையிலிருந்து மூலதனம் பாய்ந்து வந்தது. சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று கம்பெனிகள் வரிசையாக முளைத்தன.

நம்மவர் ஏன் போனார்கள்?

மூலதனம் லண்டனிலிருந்து வந்தது. உழைக்கும் கை எங்கிருந்து வந்தது? தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். வட ஆற்காடும் சேலமும் அந்தப் பஞ்சத்தில் வெந்த ஜில்லாக்கள். பிழைத்துக் கிடந்தவனுக்கு நிலம் இல்லை. பண்ணையாரிடம் பட்ட கடன் மட்டும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சுரங்கம் ஆள் கேட்டது. மேஸ்திரிகளும் கண்டிராக்டர்களும் கிராமம் கிராமமாக வந்து முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை கிளைப் பாதையும் போட்டார்கள். 1901 ஜனக் கணக்கெடுப்பின்போது தங்கவயலில் 38,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்தார்கள். இருபதே ஆண்டில், கட்டாந்தரையில் ஒரு பட்டணம் எழுந்துவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம்மவர்களை இழுத்துப் போனது பசி மட்டுமல்ல. ஊரில் பண்ணையாள். எஜமானன் அளந்து போட்டதுதான் கூலி. சேரியை விட்டு ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. தங்கவயலில் கூலி ரொக்கமாக வந்தது. பெயர் சொல்லி ஏவுகிற பண்ணையார் அங்கே இல்லை. படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. பண்டிதர் அயோத்திதாசர் தொடங்கிய பௌத்த சங்கத்துக்கு 1900-களின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகையைப் பிற்காலத்தில் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். 1954-ல் டாக்டர் அம்பேத்கர் அங்கே வந்தார். சுரங்கத் தொழிலாளி பத்திரிகை படித்தான், கூட்டம் போட்டான், தலை நிமிர்ந்தான்.

சாதிக் கொடுமைக்குத் தப்பி ஓடியவன் மூலதனத்தின் வாயில் விழுந்தான் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். அங்கே அவனுக்குச் சுரண்டலும் கிடைத்தது, சுயமரியாதையும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிற்காலத்தில் அவன் ஏன் அவ்வளவு உறுதியோடு போராடினான் என்பது விளங்கும்.

நான்கு மலை ஆழம்

தீபம் ஏற்றும் நமது மலையின் உயரம் 2,668 அடி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் போய் நின்ற ஆழம் பத்தாயிரம் அடிக்கு மேல், சுமார் 3,200 மீட்டர். அண்ணாமலையைப் போல ஏறக்குறைய நான்கு மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதைத் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கினால் எவ்வளவு ஆழமோ அவ்வளவு. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அந்த ஆழத்தில் பாறை அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிர்காற்றை மேலிருந்து உள்ளே செலுத்தினால்தான் மனிதன் நிற்கவே முடியும்.

அந்தப் பாறையில் துளை போட்டு, வெடி வைத்து, சிதறிய கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே அனுப்ப வேண்டும். மேலே வந்த கல்லை இயந்திர உலக்கைகள் மாவாக இடிக்கும். பாதரசத்தாலும் பிறகு சயனைட் கரைசலாலும் தங்கத்தைப் பிரிப்பார்கள். கீழே மேலிருந்து அழுத்தும் பாறையின் பாரம் தாங்காமல், சுரங்கச் சுவர் சில சமயம் பீரங்கி வெடித்தது போலச் சிதறும். 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். பூமி நடுங்கும், மேலே இருக்கும் வீடுகளும் ஆடும். எந்த ஷிப்டுக்குப் போனவன் திரும்பவில்லை என்று பெண்கள் ஷாப்டு வாசலுக்கு ஓடுவார்கள்.

வெடியில் செத்தவனைக் கணக்கில் எழுதினார்கள். தூசியில் செத்தவனை வெகுகாலம் எழுதவே இல்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சை மெல்ல மெல்ல நெரிக்கும் நோய் சிலிக்கோசிஸ். 1940-களில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வந்ததே தங்கவயலில்தான்.

இவ்வளவுக்கும் மேல் தொழிலாளியைக் கம்பெனி திருடனாகவே பார்த்தது. மேலே வருகிறவனைச் சோதனை போடுவார்கள். தங்கம் கலந்த துணுக்கு கையில் அகப்பட்டால் சிறை. அதற்கென்றே சமஸ்தானம் தனிச் சட்டம் இயற்றியது. கம்பெனிக்குக் காவல் காக்கச் சட்டம் விரைந்து வந்தது. நோயாளிக்கு நஷ்டஈடு என்ற பேச்சு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

பத்துக் கோடி பவுன்

இனி கணக்குக்கு வருவோம். சுமார் 120 ஆண்டுகளில் தங்கவயலிலிருந்து எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். டன் கணக்கு நமக்குப் பிடிபடாது. பவுனாகச் சொன்னால் வீட்டுப் பெண்களுக்கு உடனே பிடிபடும். எட்டு கிராம் ஒரு பவுன். 800 டன் என்றால் பத்துக் கோடி பவுன்! அதற்காக உடைத்துத் தூக்கிய பாறை ஐந்து கோடி டன்னுக்கு மேல்.

முதல் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சுமார் 47 கிராம், கிட்டத்தட்ட ஆறு பவுன் கிடைத்தது. 1905-ஐ ஒட்டி உற்பத்தி உச்சத்தைத் தொட்டது. அந்தப் பொன்னான பொழுதெல்லாம் யாருக்குப் போனது? கட்டிகள் லண்டனுக்குக் கப்பல் ஏறின. பங்குதாரனுக்கு லாபப் பங்கு போனது. மைசூர் சமஸ்தானத்துக்கு ராயல்டி என்று நூற்றுக்கு ஐந்து கொடுத்தார்கள். மகாராஜாவின் கஜானாவுக்கு அந்த ஐந்தே பெரிய வருமானம் என்றால், மீதி எவ்வளவு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

1902-ல் சிவசமுத்திரத்தில் காவேரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகமே வியந்த காரியம் அது. பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின் விளக்கு வந்தது 1905-ல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது கம்பெனியின் இயந்திரத்துக்காக. தொழிலாளி குடியிருந்த லைன்களில் மூங்கில் தட்டியும் மண்ணும்தான் சுவர். அதிகாரிகளுக்கு பங்களா, தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். அந்த ஊருக்கு 'சின்ன இங்கிலாந்து' என்று பட்டம் வேறு. தண்ணீரும் அப்படித்தான். பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கத்துக்குக் குழாய் போட்டார்கள். அது பாலாற்று நீர். நம் வட ஆற்காட்டுக்கு இறங்கிவரும் அதே பாலாறு. ஆளும் நம்முடையது, ஆறும் நம்முடையது. ஆதாயம் மட்டும் கடல் கடந்து போனது.

கைரேகை வைக்க மறுத்த கைகள்

இதையெல்லாம் தொழிலாளி தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு கிடந்தானா? இல்லை. 1930-ல் எல்லாத் தொழிலாளர்களும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. கைரேகை யாரிடம் எடுப்பார்கள்? குற்றவாளியிடம். ஒரு சுரங்கத்தில் கழித்துக் கட்டியவனுக்கு இன்னொரு சுரங்கத்திலும் வேலை கிடைக்காமல் செய்ய இது கண்ணி என்பதையும் தொழிலாளிகள் புரிந்துகொண்டார்கள். ஏப்ரலில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மூன்று வார காலம் சுரங்கம் நின்றது. அப்போது அங்கே அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் ஒன்றுகூடக் கிடையாது. கூலி உயர்வுக்காகக்கூட அல்ல, நாங்கள் திருடர்கள் அல்ல என்று சொல்வதற்காக அவர்கள் நின்றார்கள். இதை மறந்துவிடாதீர்கள்.

1940-களின் தொடக்கத்தில் சமஸ்தானச் சட்டம் சங்கம் வைக்க இடம் கொடுத்தது. கே. எஸ். வாசன் போன்ற கம்யூனிஸ்டுத் தோழர்கள் அங்கே சென்று தொழிலாளர்களைத் திரட்டினார்கள். தமிழனும் தெலுங்கனும் கன்னடனும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். யுத்தகால விலைவாசி கழுத்தை நெரித்த அந்த நாட்களில் போராட்டம் முற்றியது. 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஆறு தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். இன்றும் ஒவ்வொரு நவம்பர் 4-லும் தங்கவயல் தொழிலாளர்கள் அந்தத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். பஞ்சப்படி, போனஸ், விடுமுறை என்று பின்னால் வந்தவர்கள் அனுபவித்ததில் அந்த ரத்தம் கலந்திருக்கிறது.

'நஷ்டம்' எப்படி வந்தது?

1956 நவம்பரில் மைசூர் ராஜ்ய சர்க்கார் சுரங்கங்களைத் தேசிய உடைமையாக்கியது. இது தொழிலாளர்களின் நெடுநாள் கோரிக்கை. ஆனால் கையில் வந்தது எது? டன்னுக்கு ஆறு பவுன் கொடுத்த மேல்பகுதியை வெள்ளைக்காரக் கம்பெனிகள் வழித்து முடித்திருந்தன. ஆழமான, சூடான, செலவு பிடித்த அடிப்பகுதிதான் நம் சர்க்காரிடம் வந்தது. 1962 டிசம்பரில் மத்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது.

இங்கேதான் மிக முக்கியமான விஷயம். எடுத்த தங்கத்தைச் சந்தையில் விற்கும் உரிமை சுரங்கத்துக்கு இல்லை; சர்க்காரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் கொடுத்தது சர்வதேச அதிகார விலை. அவுன்ஸுக்கு 35 டாலர் என்று அமெரிக்கா நிர்ணயித்த விலை அது. 1960-களின் தொடக்கத்தில் அது பத்து கிராமுக்கு 54 ரூபாய்க்கும் கீழே. அப்போது நம் ஊர்க் கடைத்தெருவில் அதே தங்கம் இரண்டு மடங்கு விலைக்குப் போனது! வீட்டு நெல்லைப் பாதி விலைக்கு அளந்துவிட்டு, வருஷ முடிவில் விவசாயம் நஷ்டம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் சுரங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் ஏறியது. அந்த நஷ்டத்தைக் காட்டித்தான், கூலி உயர்வு கேட்டபோதெல்லாம் கையை விரித்தார்கள்.

தாதுவின் தரம் குறைந்தது உண்மை. கடைசிக் காலத்தில் டன்னுக்கு மூன்று கிராம்கூடத் தேறவில்லை. அரைப் பவுனுக்கும் குறைவு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆழமாகத் தோண்டிய சுரங்கம் ஒருநாள் வற்றத்தான் செய்யும். நாம் கேட்பது வேறு. வற்றப் போகிறது என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரியுமே, இந்த ஜனங்களுக்கு மாற்று என்ன செய்தீர்கள்? 1964-ல் மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை ஒன்று வந்தது. நல்லது. அது போதுமா? அதே கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கத்து ஹட்டி தங்கச் சுரங்கத்தை ராஜ்ய சர்க்கார் நிறுவனம் இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறதே, அது எப்படி?

2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். மிஞ்சியிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அப்போது பத்து கிராம் தங்கம் ஐயாயிரம் ரூபாய்க்கும் கீழே. 2025-ல் அது ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது!

மலையாக நிற்கும் மிச்சம்

தோழர்களே, இப்போது அந்த ஊரில் முதலில் கண்ணில் படுவது சயனைட் மேடுகள்தான். நூறாண்டாக அரைத்துத் துப்பிய கல்மாவு குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. ஆடி மாதத்துக் காற்று அடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள், இரவில் திரும்புகிறார்கள். பாட்டன் கிராமத்தை விட்டுச் சுரங்கத்துக்கு வந்தான். பேரன் சுரங்க ஊரிலிருந்து நகரத்துக்கு ஓடுகிறான். பாக்கித் தொகைக்கும், தலைமுறையாகக் குடியிருக்கும் வீட்டின் பட்டாவுக்கும் அவர்கள் ஆண்டுக் கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

அந்த மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறது. சுமார் 3.3 கோடி டன் கல்மாவு. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான். ஆனால் தோண்ட வேண்டாம், வெடி வைக்க வேண்டாம், அரைத்தே கிடக்கிறது. 2024 ஜூனில் 13 மேடுகளில், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில், அதை மீண்டும் அலசி எடுக்கும் மத்திய சர்க்கார் யோசனைக்குக் கர்நாடக மந்திரிசபை சம்மதம் கொடுத்தது. நஷ்டம் என்று சொல்லி மூடிய ஊரில் லாபம் தெரிந்துவிட்டது! நல்லது, எடுக்கட்டும். ஆனால் எடுப்பது யார்? வேலை யாருக்கு? கிளம்பும் தூசியும் சயனைட்டும் யார் மூச்சில், யார் கிணற்றில் போய்ச் சேரும்? அந்த மேட்டைக் குவித்தவனுடைய பேரப்பிள்ளைகளுக்கு அதில் என்ன பங்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வாங்காமல் அந்த ஜனங்கள் ஓயக்கூடாது. நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

நம் வாசலுக்கும் இது வந்து போயிருக்கிறது. கவுத்திமலை, வேடியப்பன் மலையில் இரும்புத் தாது எடுக்கப் போகிறோம் என்று வந்தார்கள். வேலை கிடைக்கும், ஊர் செழிக்கும் என்றார்கள். 2008-ஐ ஒட்டி நடந்த கருத்துக் கேட்பில் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் திரண்டு எழுந்து எதிர்த்தார்கள். காடு போகும், ஏரி வற்றும், மலைச்சாமி கோயில் போகும் என்று அவர்கள் சொன்னதை முன்னேற்றத்துக்கு விரோதம் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். தங்கவயலைப் பார்த்தவன் அப்படி ஏளனம் செய்யமாட்டான்.

சுரங்கமே வேண்டாம், ஆலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது கணக்கு. மூலதனம் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு எடுத்தீர்கள், எந்த விலைக்கு விற்றீர்கள், வேலை செய்தவனுக்கு எவ்வளவு, வேலை முடிந்தால் அவனுக்கு என்ன வழி, ஊருக்கு எதை விட்டுப் போவீர்கள்? தங்கவயல் ஜனங்கள் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். ஆனால் பல சமயம், கணக்கு மூடிய பிறகுதான் கேட்க முடிந்தது. நாம் முதலிலேயே கேட்க வேண்டும்.

உங்கள் அரிசி ஆலையில் நஷ்டம் என்று சொல்லி ஆளைக் குறைக்கும்போது, நெல் வாங்கிய விலையும் அரிசி விற்ற விலையும் என்ன என்று கேளுங்கள். நடவுக் கூலி கட்டுபடியாகாது என்று சொல்லும்போது, எதில் கட்டுபடியாகவில்லை என்று கணக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒருவன் தனியாகக் கேட்டால் வேலை போகும். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும். 1930-ல் எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரமாயிரம் சுரங்கக் கூலிகள் மூன்று வாரம் கையைக் கட்டி நின்று அதைத்தான் செய்து காட்டினார்கள். அவர்களில் பலர் நம் ஜில்லாவிலிருந்து போனவர்கள்.

நம் வீடுகளில் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ தங்கவயலுக்குப் போனவர் இருந்தால், அவர் எந்தச் சுரங்கத்தில் இருந்தார், என்ன வேலை செய்தார், எப்படித் திரும்பினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பத்துக் கோடி பவுன் எங்கே போனது என்பதைக் கம்பெனியின் ஏடு எழுதி வைத்திருக்கிறது. அதை வெட்டி எடுத்தவர்கள் யார் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.